அவர் பங்கு அதிரசம்

என் வீட்டுக்காரர் திருவள்ளூர் ஸ்டேஷனில் சிக்னல் பார்த்து ரிடையர் ஆனவர். வேலையை விட்ட கையோடு சர்க்கரை வியாதி வந்து ஒட்டிக்கொண்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. அப்போதெல்லாம் வீட்டில் சர்க்கரை பார்ப்பதற்கு ரத்தம் வேண்டியதில்லை. கம்பவுண்டர் பாட்டிலில் ஒரு நீல மருந்து கொடுப்பார். அதைக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, காலையில் பிடித்த சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். நீலம் மாறாவிட்டால் நல்லது. பச்சையானால் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று அர்த்தம். செங்கல் நிறத்துக்குப் போனால் ஆபத்து.

தினமும் கொல்லையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஏதோ அபிஷேகம் செய்கிற மாதிரி இந்த வேலையைச் செய்வார். அது முடியும்வரை நான் வாயைத் திறக்கக் கூடாது. முடிந்ததும் குழாயை வெயிலில் தூக்கிப் பிடித்துத் தீர்ப்புச் சொல்வார்.

"பச்ச வுழுந்துகீது. லைன் கிளியர். காப்பில சக்கர போடு."

"பச்சன்னா சக்கர இருக்குதுன்னு டாக்டர் சொன்னாரே."

"காலமெல்லாம் பச்சைய பாத்து வண்டி வுட்டவன் நான். எனக்கே நீ அர்த்தம் சொல்றியா?"

இன்சுலின் புட்டியை ஈர மணல் போட்ட சட்டியில் புதைத்து வைப்போம். ஊசியைக் கொதிக்கவைத்துப் போடுவது என் வேலை. ஊசி தொடையைத் தொடுவதற்கு முன்பே கத்திவிடுவார். மெயில் வண்டியையே கொடியைக் காட்டி நிறுத்திய மனிதர், இத்தனூண்டு ஊசிக்கு நடுங்குவார்.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குள் எந்த இனிப்பு வந்தாலும் அவர் கண்ணில் படுவதற்குள் அதைத் தீர்த்துவிடுவேன். ஆரம்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் டின் நிறைய அதிரசம் கொடுத்தனுப்புவாள். அப்பாவுக்கு அதிரசம் என்றால் உயிர் என்பது அவள் நினைப்பு. அந்த உயிரைக் காப்பாற்றத்தான் நான் தின்றேன். தூக்கிப் போடலாமே என்பீர்கள். மகள் மாவு இடித்துச் சுட்டதை எந்தத் தாய் தூக்கிப் போடுவாள்?

எங்கள் ஊர்ப் பெருமாளுக்கு வைத்தியர் என்றே பெயர். அமாவாசையன்று கோவில் குளத்தில் வெல்லம் கரைத்தால் உடம்பில் உள்ள நோயும் கரையும் என்று எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருவார்கள். என் வீட்டுக்காரர் வியாதிக்காக நானும் மாதம் தவறாமல் கரைத்தேன். கரைப்பதற்கு முன்னால் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்ப்பேன். பெருமாளுக்குக் கொடுப்பது நல்ல வெல்லமா என்று பார்க்க வேண்டாமா?

"இப்டியே கரச்சிக்கினு இருந்தா கொளத்துக்கே சக்கர வியாதி வந்துடும்" என்பார் இவர். வெல்லத்தைக் குளத்துக்குக் கொடுக்கிறேனே, தனக்குக் கொடுக்கவில்லையே என்கிற வயிற்றெரிச்சல்.

அந்த வருஷம் ஓர் அமாவாசையில் குளத்துப் படியில் எனக்குக் கால் இடறி, கட்டைவிரலில் காயம் பட்டது. சின்னக் காயம்தான். மஞ்சள் பற்றுப் போட்டேன், வேப்பெண்ணெய் விட்டேன். அடுத்த அமாவாசை வந்தும் ஆறவில்லை. இதற்கிடையில் எனக்கு ஒரே தாகம். செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பேன். ரவிக்கை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்தும் போனேன். புருஷன் கவலையிலேயே அந்தம்மா உருகிப்போனாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போயி அந்தக் கால காட்டு" என்றார் இவர்.

"எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க ஒங்க ஒடம்ப பாருங்க."

ஒருநாள் காலையில் அவர் குழாய் செங்கல் நிறத்துக்குப் போனது. அதிரச டின்னைத் திறந்து பார்த்தேன். நான் கணக்காக மூடி வைத்திருந்த டின்னில் அதிரசம் குறைந்து பள்ளம் விழுந்திருந்தது. அவர் அதிரசத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. நீல மருந்து கெட்டுவிட்டது என்று சாதித்தார். அதை நிரூபிக்க ஒரு வழியும் கண்டுபிடித்தார்.

"ஒனக்குத்தான் வியாதி இல்லியே. உன்னுத கொஞ்சம் குடு. அதுலயும் செவப்பு வந்தா மருந்து கெட்டுப்போச்சின்னு அர்த்தம்."

வெட்கக்கேடு. ஆனாலும் வழக்கு முடியட்டும் என்று கொடுத்தேன். விளக்கில் காட்டினார். என்னுடையது அவருடையதைவிடச் சிவப்பாக வந்தது.

அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. எனக்கும்தான். மருந்து கெட்டதென்றால் அவருக்கு வியாதி ஏறவில்லை என்று பொருள். அன்றைக்கு வீட்டில் கேசரி. அவருக்கு ஒரு கரண்டிதான். மீதி வழக்கம்போல என் பொறுப்பு.

மறுநாள் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் சண்டைக்குக் கிளம்பினார். சாட்சிக்கு என்னையும் கூட்டிப்போனார். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன்னிடமிருந்த மருந்தில் இருவருக்கும் பார்த்தார். இரண்டு குழாயும் சிவந்தன.

"மருந்து நல்லாத்தான் இருக்கு" என்றவர், என் காலைப் பார்த்தார். "அது என்ன துணிக்கட்டு?"

பிரித்துப் பார்த்தார். பிறகு, "சர்க்கரை இருக்கிற உடம்பும்மா இது. அதான் ஆறலை. ஊசி போடறேன். அமாவாசைக்கு மறுநாள் பிரிச்சுப் பார்ப்போம். சதை வளந்திருந்தா விரல் பிழைக்கும். இல்லன்னா எடுத்துடணும்" என்றார். அப்புறம் என்னென்ன சாப்பிடுவேன் என்று கேட்டார். டாக்டரிடம் பொய் சொல்லக் கூடாதே. அதிரசம், வெல்லம், கோவில் பொங்கல், நேற்றைய கேசரி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். "இதெல்லாம் எப்போ துன்ன?"

"நீங்க துன்னக் கூடாதுன்னுதான்."

பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

மறுநாளிலிருந்து எனக்கும் இன்சுலின். போட்டது அவர். இந்தத் தடவை அவர் கத்தவில்லை. நான்தான் அவர் பங்குக்கும் சேர்த்துக் கத்தினேன். விரல் போய்விடுமோ என்று எனக்கு உள்ளூர ஒரே பயம். அதை அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அமாவாசை வந்தது. என்னால் நடக்க முடியாது. காலையிலேயே குளித்துவிட்டு, அலமாரியிலிருந்த வெல்லத்தைத் துண்டில் முடிந்துகொண்டு அவரே குளத்துக்குப் புறப்பட்டார். எனக்கு அப்போதே சந்தேகம். வெல்லத்தையும் இவரையும் தனியாக அனுப்புவதா?

வெயில் ஏறித் திரும்பிவந்தார். வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது.

"வாயில எவ்ளோ போச்சு?" என்று கேட்டேன்.

என் முன்னால் வந்து குந்தி உட்கார்ந்து, வாயைத் திறந்து காட்டினார். பிறகு உள்ளங்கையை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாரு. மொத்தமும் கரச்சிட்டேன். வெரல்ல ஒட்டிக்கினு இருந்தத கூட நக்கல."

முகர்ந்து பார்த்தேன். குளத்துப் பாசி வாசம்தான் அடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னாத்துக்கு அழுவுற? நாளைக்கு டாக்டரு பிரிக்கறப்போ வெரலு இருக்கும்" என்று அதட்டினார்.

இருந்தது. இன்னமும் இருக்கிறது.