எல்லாம் என்றால் இதுவும்

போன வாரம் தம்பிக்குக் கண்புரை ஆபரேஷன். மும்பை செம்பூர் ஆஸ்பத்திரியில் பச்சை அங்கியை நீட்டிய நர்ஸ், “அங்கிள், சப் நிகாலியே. யே தாகா பீ” என்றாள். எல்லாவற்றையும் கழற்ற வேண்டுமாம், பூணூல் உட்பட. அறுபதைத் தொட்ட தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. “அப்பா ஒருநாளும் இதைக் கழட்டினதில்லை. நீயே சொல்லுக்கா” என்றான். நான் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன்.

அறுபதுகளில் அப்பாவுக்குச் செம்பூரில் பூச்சிமருந்து ஆலையில் வேலை. டிரம்களில் மருந்து நிரப்பும் இடம். ரப்பர் கையுறை, முகமூடி, ஷிப்ட் முடிந்ததும் எல்லாத் துணியையும் அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு சோப்புக் குளியல். அப்பா ஒன்றையும் தவறவிட்டதில்லை. மாட்டுங்கா வீட்டுக்கு வந்து இன்னொரு முறையும் குளிப்பார். அப்படியும் அவர்மேல் பூண்டு வாசனை அடிக்கும்.

பூண்டு நுழையாத வீடு எங்களுடையது. பக்கத்து வீட்டு மாமி அம்மாவிடம், “உங்காத்துக்காரர் வெளில எங்கயோ சாப்பிடறார் போலிருக்கே” என்றாள். “மருந்துக்கே அந்த வாசனைதான்டி” என்றார் அப்பா. அம்மா பாதி நம்பினாள். பத்து வயது மேதாவியான நான் கொஞ்சமும் நம்பவில்லை. பஸ்ஸில் அவருக்கு இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்துகொண்டேன். அது விஷத்தின் வாசனை என்று யாருக்குத் தோன்றியது? எங்களுக்கு மானம்தான் பெரிதாக இருந்தது.

தவழும் வயதுத் தம்பி, அப்பாவின் வெறும் மார்பில் படுத்துப் பூணூலைச் சப்பியபடிதான் தூங்குவான். ஒரு சாயங்காலம் வாயில் நுரை, மூச்சில் கரகரப்பு, கண்மணி கடுகாய்ச் சுருங்கியிருந்தது. டாக்ஸியில் ஓடினோம். ஊசிமேல் ஊசி போட்டுப் பிழைக்கவைத்த டாக்டர், அப்பாவின் சட்டைக்குள்ளிருந்து பூணூலைப் பேனாவால் தூக்கி முகர்ந்தார்.

“யே நஹீ நிகால்தே?” இதைக் கழற்றுவதே இல்லையா என்று கேட்டார்.

“நஹீ, டாக்டர் சாப்.”

பருத்தி நூலில் ஊறிய மருந்து சோப்புக்குப் போகாது என்று அவர் சொன்னார். வராந்தாவில் அப்பா அம்மாவிடம், “எல்லாத்தையும் கழட்டுன்னுதான் ஆலைல சொன்னான். எல்லாம்னா இதுவும்னு எனக்குத் தோணலையே” என்று விம்மினார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

பழையதை எறிந்துவிட்டு, புதுப் பூணூலைத் தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் சுவாமி அலமாரி ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். திரும்பி வந்து குளித்த பிறகே போட்டுக்கொள்வார். கிளம்பும் முன் ஒருநாள் வெற்றுத் தோளோடு வாசலில் பால் வாங்க நின்றவரை மாமி பார்த்துவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. “அப்பா, வெளில வரச்சே சட்டை போட்டுக்கோயேம்ப்பா” என்றேன்.

அப்பா உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டார். அன்று முதல் மே மாதப் புழுக்கத்திலும், வீட்டுக்குள்ளும்கூட, சட்டையைக் கழற்றவில்லை. அந்த மார்பில் தம்பி மறுபடி தூங்கவுமில்லை.

“அப்பா தினம் கழட்டினார்டா. உனக்காக” என்றேன், ஆஸ்பத்திரி அங்கியோடு நின்ற தம்பியிடம். அவன் பூணூலைக் கழற்றி என் கையில் வைத்தான்.

ஆலை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிகள். எங்கள் வீட்டிலேயே பூண்டு வதங்குகிறது, யாரும் கேட்பதில்லை. வாசனை எழும்போதெல்லாம் நான் வாசலைப் பார்க்கிறேன். பக்கத்தில் உட்கார அப்பாதான் இல்லை.