நூலைக் கொளுத்திப் பார்ப்பவள்

ஈரக் கயிற்றை மடியில் குறுக்காகப் போட்டு, நகத்தளவுள்ள கல்லும்மக்காய்ச் சிப்பிக் குஞ்சுகளைக் கை நிறைய அள்ளி அதன்மேல் பரப்பி, துணியால் சுற்றிக்கொண்டிருந்தாள் குஞ்ஞாமினா. கயிறு முடிந்ததும் துணியைப் பல்லில் கடித்து இழுப்பாள். கத்தரிக்கோல் தேடுகிறவர்களைக் கண்டாலே அவளுக்குப் பொறுக்காது. அன்று துணி கிழியவில்லை. இழுக்க இழுக்க நீண்டது.

முப்பது வருடம் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டவள் நான். அவள் சுற்றுவதில் என்னால் குறை சொல்ல முடியாது. காயலில் தொங்கவிட்ட கயிற்றில் குஞ்சுகள் இரண்டு மூன்று நாளில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் துணி இற்று உதிர வேண்டும். ஐந்து மாதத்தில் தூக்க முடியாத சிப்பிக் குலை. தொழில் இவ்வளவுதான்.

இருபது வருடத்துக்கு முன் இதைத் தொழில் என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பாறையில் மூழ்கிச் சிப்பி பறிக்கிற ஆண்கள், காயல் நடுவே அவள் நட்ட மூங்கில் பந்தலைப் பார்த்து, "ஆமினா தண்ணிக்குள்ள பாவக்கா போடுறா" என்றார்கள். முதல் வருடம் நைலான் கொசுவலையில் சுற்றினாள். குஞ்சுகள் உள்ளேயே அழுகி, ஊரே மூக்கைப் பொத்தியது. மறுவருடம் என்னிடம் வந்தாள். "சிஸ்டரே, எல்லாரும் உழைக்கிற துணி கேப்பாங்க. எனக்கு உழைக்காத துணி வேணும்." ஒரு சுருள் கட்டுத்துணி கொடுத்தேன். அந்த வருடம் குலை குலையாய்க் காய்த்தது.

இன்று காயலில் பந்தல்களை எண்ணி மாளாது. குஞ்சு கொண்டுவர லாரி, மூங்கில் நட ஆள், ஓடு உடைக்கக் கொட்டகை எல்லாம் வந்துவிட்டன. 'விதைத்துணி' என்று பெயர் போட்டு விற்கக் கடைகூட உண்டு. முன்பெல்லாம் ஒவ்வொரு சுருளிலும் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்பாள். பருத்தி சாம்பலாகும்; நைலான் உருகி மணியாகும். கடை வந்த பிறகு அந்த வழக்கத்தை விட்டிருந்தாள்.

இப்போது தீப்பெட்டி கேட்டு வாங்கினாள். நூல் சுருண்டு, கறுத்த மணியாக நின்றது.

அவளோடு கயிறு சுற்றும் குழுவின் பதினோரு பெண்களும் அந்த மணியைக் குனிந்து பார்த்தார்கள். அதே துணி சுற்றிய அறுபது கயிறு முந்தின நாளே தண்ணீருக்குள் போயாகிவிட்டது. இந்தப் பருவத்துக்கு வேறு குஞ்சு கிடையாது.

"பாதியாவது பருத்தியா இருக்கும் இத்தா, மெதுவா இத்துப்போகும். விடு" என்றாள் ஸுஹ்ரா. குழுவில் சின்னவள் அவள்தான். வாய் மட்டும் பெரிசு.

"மெதுவான்னா குஞ்சு பொறுக்குமாடி? வாய் தொறக்க எடம் வேணும் அதுக்கு."

"அப்ப கடைக்காரனைப் போய் நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்."

"கேக்கலாம், அப்புறம். கொளுத்திப் பாக்காம வாங்கினது நான். நாளைக்கு அறுபதையும் மேல எடுத்து மறுபடி சுத்தணும்."

"துணிக்கு எங்க போறது?"

"உங்க வீட்டு ஆம்பளைங்க என்ன தகரமா உடுத்துறாங்க? ஆளுக்கு ரெண்டு முண்டு கொண்டாங்க."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை இத்தா. பள்ளிவாசலுக்கு எதைக் கட்டிட்டுப் போவாங்க?"

"கைலி கட்டிட்டுப் போகட்டும். படைச்சவன் கோவிச்சுக்க மாட்டான்."

மறுநாள் விடிந்ததும் குஞ்ஞாமினா இடுப்பளவு தண்ணீரில் நின்று முதல் கயிற்றைத் தோணியில் ஏற்றினாள். என் பழைய ஆஸ்பத்திரிக் கத்தரி ஸுஹ்ராவின் கையில் இருந்தது. அதன் மழுங்கிய மூக்கு குஞ்சைக் குத்தாமல் துணியை மட்டும் பிரித்தது. கரையில் கைலியோடு நின்ற குஞ்ஞாமினாவின் கணவர் மொய்து, "அந்த முண்டு போன பெருநாளைக்கு எடுத்தது" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். குஞ்ஞாமினா திரும்பவே இல்லை.

அவள் தோளில் கிடந்த அவருடைய வெள்ளை முண்டில் இஸ்திரி மடிப்பு இன்னும் கலையவில்லை. அதன் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவினாள். தீப்பெட்டிக்குக் கையை நீட்டினாள். நூல் எரிந்து விரல் நுனியில் சாம்பலானது. தேய்த்துப் பார்த்துவிட்டு, முண்டைப் பல்லில் கடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.