உள்மடிப்பில் துடைத்த கை

திங்கட்கிழமை காலையில் செங்கா பர்டியின் கடையில் போய் நின்றால், சனிக்கிழமை ஊரில் யார் யாரை அடித்தான் என்று தெரிந்துவிடும். கில்மார்னாக் ஊரின் ரயில் பாலத்துக்குக் கீழே இருக்கிறது கடை. கல்யாணம், பந்து ஆட்டம், திருவிழா என்று வாடகைக்குப் போன, ஆண்கள் இடுப்பில் சுற்றுகிற கட்டம் போட்ட கம்பளிக் கில்ட்டுகள் எல்லாம் அன்றைக்கு மூட்டை மூட்டையாகத் திரும்பி வரும். ஒவ்வொன்றையும் மேசையில் விரித்து பீர், சேறு, வாந்தி, ரத்தம் என்று பிரித்துப் போடுவாள். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் கம்பளியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் எந்தச் சாமி வந்தாலும் போகாது. இதுகூடத் தெரியாமல் வீட்டிலேயே அலசிக் கொண்டுவருகிறவனைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ரத்தம் அவளுக்குப் புதிதில்லை. அவள் புருஷன் ஷக், மாடு வெட்டும் கூடத்தில் வேலை பார்த்தான். அங்கே தீராத கோபத்தை வீட்டுக்குக் கொண்டுவருவான். ஆறு வருஷம் வாங்கிக்கொண்டாள். ஏழாம் வருஷம் அவள் இடது மணிக்கட்டை அவன் முறித்த அன்று, வலது கையால் அடுப்பிலிருந்த கெட்டிலை எடுத்து அவன் காதோரம் ஒன்று வைத்தாள். அவன் தரையில் கிடக்கும்போதே மூன்று வயது மார்வெனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியேறியவள்தான், திரும்பிப் பார்க்கவில்லை. மணிக்கட்டு கோணலாகத்தான் சேர்ந்தது. அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் எட்டு கெஜத் துணியை மடித்து மடித்துத் தைக்கக் கற்றாள், கடை வைத்தாள், மகளை வளர்த்தாள்.

கடைக்கு வருகிறவன் கேட்டதையெல்லாம் கொடுக்கமாட்டாள். எங்கே போகிறாய் என்பதுதான் முதல் கேள்வி. பந்து ஆட்டம், மதுக்கடை என்றால் சாதாரண உடை: கணுக்காலில் சுருட்டிவிட்ட சாம்பல் காலுறை, தடித்த பூட்ஸ், இடுப்பில் முரட்டுத் தோல் பை. கல்யாண விருந்து என்றால் முழு உடை: வெள்ளிப் பொத்தான் வைத்த குட்டைக் கறுப்புக் கோட்டு, கழுத்தில் பட்டாம்பூச்சி வடிவ டை, சங்கிலியில் தொங்கும் ரோமப் பை, முழங்காலுக்குக் கீழே மடித்துவிட்ட தந்த நிறக் காலுறை, வலது காலுறையில் சொருகிய சின்னக் கத்தி. அந்தக் கத்தியில் பிடி மட்டும்தான் இருக்கும். ஒரு கல்யாணத்தில் மச்சான்மார் இரண்டு பேர் கறித்துண்டுக்காகக் குத்திக்கொண்ட பிறகு, அலகுகளையெல்லாம் அவளே அறுத்து எறிந்துவிட்டாள். தடித்த பூட்ஸோடு ரோமப் பையைக் கேட்டு அடம்பிடித்த ஒருவனைப் பிடரியைப் பிடித்துத் தெருவில் தள்ளியிருக்கிறாள். கில்ட்டைப் பாவாடை என்று சொன்ன வெளியூர்க்காரன் மர ஹேங்கரால் முதுகில் வாங்கிக்கொண்டு போனான்.

இப்படிப்பட்டவள் லாக்லன் டன்லப்பிடம் ஏமாந்தாள் என்றால் அதற்கும் உடைதான் காரணம். மார்வென் காதலித்த பையன். கார் விற்கிற வேலை, அதிர்ந்து பேசமாட்டான். அண்ணன் கல்யாணத்துக்கு முழு உடை கேட்டு வந்தவன், கில்ட்டின் முன்னால் குத்துகிற ஊசியை மேல் மடிப்பில் மட்டும் குத்த வேண்டும், இரண்டையும் சேர்த்துக் குத்தினால் துணி கிழியும் என்று தானே சொன்னான். செங்கா பூரித்துப்போனாள். இப்படி ஒரு மருமகன் வாய்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று பக்கத்துக் கடைக்காரியிடம் பீற்றிக்கொண்டாள். உடுக்கத் தெரிந்தவனுக்கு நடந்துகொள்ளவும் தெரியும் என்று நினைத்தாள், பைத்தியக்காரி.

அந்தக் கல்யாணத்தில் ஒரு கண்ணாடி டம்ளர்கூட உடையவில்லை என்று ஊரே சொன்னது. திங்கட்கிழமை உடை திரும்பி வந்தபோது கோட்டு தூசி தட்டியிருந்தது, சப்பாத்துக்குள் காகிதம் திணித்திருந்தது. கில்ட்டை விரித்தாள். முன்பக்கம் மேல் மடிப்பு சுத்தம். அதற்கு உள்ளே தொடையை ஒட்டிக் கிடக்கிற உள்மடிப்பை யாரும் பார்க்க மாட்டார்கள், செங்கா பார்ப்பாள். அங்கே விரலுக்கு ஏதோ மொரமொரவென்று தட்டியது. கரும்பச்சைக் கட்டத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஈர வெள்ளைத் துணியை வைத்து அழுத்தி எடுத்தாள். நான்கு விரல் துடைத்த தடம், சிவப்பாக, வரிசையாக வந்தது.

அவன் மூக்கில் வழிந்த ரத்தமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். சாயங்காலம் மார்வென் வந்தாள். உதடு உள்பக்கம் கிழிந்து வீங்கியிருந்தது. கார்க் கதவு இடித்துவிட்டதாம். செங்காவும் ஒரு காலத்தில் கதவு, படிக்கட்டு, அலமாரி என்று எல்லாவற்றின் மேலும் பழி போட்டவள்தான்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் மகளிடம் கெஞ்சினாள், மிரட்டினாள், அழுதாள். சொல்லுடி, அது போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். மார்வென் ஒரே பிடியாக நின்றாள்.

"உனக்கு வாய்ச்சவன் அப்படின்னா எல்லாரும் அப்படியாம்மா? ஒரு கறைய வச்சுக்கிட்டு என் கல்யாணத்தக் கெடுக்காதே."

சனிக்கிழமை மார்வெனுக்கும் லாக்லனுக்கும் கல்யாணம். வியாழக்கிழமை அவன் மாப்பிள்ளை உடையைப் போட்டுப் பார்க்க வந்தான். ஐந்து மணிக்கு வேலை முடிந்து மார்வெனும் வருவதாக ஏற்பாடு. அவன் அரை மணி முன்னாலேயே வந்து கண்ணாடி முன்னால் நின்றான். கோட்டு, பை, காலுறை எல்லாம் கச்சிதம். காலுறை நாடாவை வெட்டிக் கட்டுவதற்காக செங்கா பெரிய கத்தரிக்கோலோடு அவன் முன்னால் மண்டியிட்டாள். கில்ட்டுக்குள்ளே என்ன போட்டிருக்கிறீர்கள் என்று உலகமே இளித்துக்கொண்டு கேட்கிற கேள்விக்கு அன்றைக்கு அந்தக் கத்தரிக்கோல் நேரிலேயே போய் விடை கண்டது.

"அசையாதே தம்பி. ரெண்டு அலகும் தெறந்திருக்கு. நடுவுல என்ன இருக்குன்னு ஒனக்கே தெரியும்."

"செங்கா, விளையாடாதீங்க."

"எம்பொண்ணு வாய ஒடச்சது யாரு?"

கார்க் கதவு என்று ஆரம்பித்தான். அவள் கையை இறுக்கினாள். தொடை இடுக்கிலிருந்து ஒரு கோடு ரத்தம் இறங்கி தந்த நிறக் காலுறையில் ஊறியது. அவன் பல்லைக் கடித்தான். அண்ணன் கல்யாணத்தில் அத்தனை பேர் முன்னாடி மார்வென் தன்னை எதிர்த்துப் பேசினாள், வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று மெல்லக் கேட்டான். வெட்கமே இல்லாமல், நியாயம் கேட்கிறவனைப் போலக் கேட்டான்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு மார்வென் வந்தாள். அவன் சொன்னது அவள் காதில் விழவில்லை. தாயின் கை இருந்த இடம்தான் கண்ணில் பட்டது.

"அம்மா, விடு அவர."

இப்போதுதான் வாயைத் திறந்து ஒத்துக்கொண்டான், நீயே கேள் என்று செங்கா கத்தினாள். உங்கள் அம்மாவுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்றான் அவன். விடவில்லை என்றால் போலீஸைக் கூப்பிடுவேன் என்று மார்வென் போனை எடுத்தாள். செங்கா மகள் முகத்தைப் பார்த்தாள். இனி அவளை இழந்தாயிற்று என்று நினைத்தாள். கத்தரிக்கோலைத் தரையில் வைத்தாள்.

எழுந்திருக்க நேரம் கொடுக்கவில்லை அவன். முதல் உதை தாடையில். இரண்டு பல் தெறித்தது. அடுத்தது விலாவில். தரையில் ஊன்றியிருந்த கோணல் மணிக்கட்டின் மேல் ஏறி நின்று, குதிகாலைத் திருகினான். எலும்பு முறிந்த சத்தம் மார்வெனுக்கே கேட்டது. பிறகு கோட்டின் முன்பக்கத்தை இழுத்துச் சரிசெய்துகொண்டான். குரலை உயர்த்தவில்லை.

"மார்வென், கதவச் சாத்து."

மார்வென் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளும் போட்டாள். சொன்னதும் செய்து பழகிப்போயிருந்தது அவளுக்கு. தரையில் கிடந்த செங்கா அதைப் பார்த்தாள். வாங்கிய அடி எதுவும் அந்த அளவுக்கு வலிக்கவில்லை.

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்த மார்வென், தான் போட்ட தாழ்ப்பாளையும் தரையில் கிடந்த தாயையும் பார்த்தாள். பிறகு பலகையில் சூடாகிக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் மண்டையில் அடித்தாள். தடுக்க வந்த கையில் அடித்தாள். அவன் துணிக் குவியலில் விழுந்ததும் தோளில் வைத்து அழுத்தினாள். கம்பளி பொசுங்கி, அதற்குக் கீழே தோலும் பொசுங்கியது. அவன் அலறிக்கொண்டு தவழ்ந்துபோய்ப் பின்கதவைத் திறந்து, ஒற்றைச் சப்பாத்தோடு பாலத்தடியில் ஓடினான். வெள்ளிப் பொத்தான் ஒன்று அறுந்து படியில் உருண்டது.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு மார்வென் தாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வாயில் வழிந்த ரத்தத்தைத் தன் சட்டைக் கையாலேயே துடைத்துவிட்டாள். அழவில்லை.

"அவரு அண்ணன் கல்யாணத்தன்னைக்கு அடிச்சது முதல் தடவ இல்லம்மா. முதல்ல அடிச்சது போன வருஷம், கடற்கரைக்குப் போனப்ப."

சொல்லிக்கொண்டே போனாள். கார் நிறுத்தும் இடத்தில் ஒரு தடவை. அவன் வீட்டுச் சமையலறையில் இரண்டு தடவை. ஈஸ்டர் அன்று கழுத்தைப் பிடித்தது. மூன்று வாரமாக எதைச் சொல்லச் சொல்லி செங்கா மகளின் காலைப் பிடிக்காத குறையாக நின்றாளோ, அதைக் கேட்க அவளால் முடியவில்லை. போதுண்டி என்று சொல்லப் பார்த்தாள், தாடை அசையவில்லை. முறியாத கையைத் தூக்கிக் காதைப் பொத்திக்கொண்டாள்.

மார்வென் அந்தக் கையை மெல்ல எடுத்து மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.