கிராம் மாமாவின் ஒரே குத்து

என் மாமாவுக்குத் தராசு ரிப்பேர் வேலை. எல்லாரும் கிராம் மாமா என்பார்கள். அத்தையை முதன்முதலில் பார்த்தபோது வணக்கத்துக்குப் பதில் "ஐம்பத்தேழரை" என்றாராம். அந்த அரைக்காக அத்தை இன்னும் சண்டை போடுகிறார். மாமாவின் எடை நாற்பத்தெட்டு, செருப்போடு. கொசுவைக்கூட ஊதித்தான் அனுப்புவார்.

குத்தின் பலத்தைக் காட்டும் கருவி வேண்டுமென்று நான் போகும் குத்துச்சண்டை கிளப்பில் கேட்டார்கள். மாமா மூட்டை நிறுக்கும் பழைய பிளாட்பாரத் தராசைச் சுவரில் நிமிர்த்தி மாட்டி, மெத்தை கட்டி, முள் பொருத்தினார்.

முதல் குத்து மாஸ்டருடையது. நூற்றுப்பத்துக் கிலோ ஆள், நாங்கள் வைத்த பெயர் பீரோ. குத்தினார். சுவர்ப்பூச்சு உதிர்ந்தது. முள் தொண்ணூறில் நின்றது.

"என் எடையைக்கூடக் காட்டலையே! பொய் சொல்ற பெட்டிய்யா இது. கழட்டு."

முப்பது வருடத்தில் மாமாவின் தராசை யாரும் பொய் என்று சொன்னதில்லை. அவர் காது சிவந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, பின்னாடி இருக்கிற திருகாணியை அரைச் சுத்து சுத்தினா இருநூறு காட்டும்," என்று கிசுகிசுத்தேன்.

"தொட்டே, கையை முறிச்சிடுவேன்," என்றது அந்த நாற்பத்தெட்டு கிலோ.

பிறகு பீரோவிடம் திரும்பினார். "நீங்க வீட்லேர்ந்தே முஷ்டியை இறுக்கிட்டு வர்றீங்க சார். இறுகின கை மெதுவாத்தான் வரும். தளர்வா கிளம்பி, படுற நொடியில இறுகணும். பலம் குதிகால்ல பொறக்குது, இடுப்பு திருப்பி விடுது. கை வெறும் தபால்காரன்."

"அப்போ நீ ஒரு தபால் போடேன்!"

பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமா கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். செருப்பைக் கழற்றி, இருந்த எடையிலும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். குதிகால் திரும்பியது. டப்பா மூடியது போல ஒரு சின்னச் சத்தம்.

நூற்றுப்பன்னிரண்டு.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் புகழ் அப்படி. மாமாவும் பார்த்தார்.

"டேய், திருகாணியைத் தொட்டியா?"

"சத்தியமா இல்ல மாமா."

என் சத்தியத்துக்கு எந்தத் தராசிலும் எடை கிடையாது. மாமா பெட்டியை இறக்கி மல்லாத்தி, மெத்தையைக் கழற்றி, பத்துக் கிலோ எடைக்கல்லை வைத்தார். முள் பத்தில் நின்றது, மயிரிழை பிசகாமல். பீரோ குனிந்து இரண்டு முறை படித்தார். பிறகு தானே பெட்டியைத் தூக்கிச் சுவரில் மாட்டினார்.

மாமா தன் முஷ்டியை அடுத்த வீட்டுக்காரன் கையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வீங்கத் தொடங்கியிருந்தது. வீடு வரைக்கும் எடைக்கல்லை நானே சுமந்தேன்.

"கனக்குதாடா?"

"இல்ல மாமா, பஞ்சு மாதிரி இருக்கு."

"பத்து கிலோ," என்றார் மாமா.