வெள்ளிக்கிழமை ஜெபம்

போன வாரம் எனக்கு சளி பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டது. என் மனைவி ஜெயமணி அலமாரியின் அடித்தட்டைக் குடைந்து, எப்போதோ வாங்கிய பச்சைத் தைலப் புட்டியைக் கண்டெடுத்தாள். "கண்ண மூடிக்கினு சும்மா இருங்க" என்று நெற்றியில் தேய்த்தாள். கண்ணை மூடினேன், மூக்கு திறந்தது. வந்தது தைல வாசனை இல்லை, குவைத் பெட்டியின் வாசனை.

அவள் நர்ஸாகக் குவைத்தில் இருந்த காலத்தில், லீவுக்கு வரும்போது கொண்டுவரும் பெட்டியைத் திறந்தால் இந்த வாசனைதான் முதலில் வெளியே வரும். சோப்பு, பால்பவுடர், பேரீச்சம்பழம் எல்லாம் அதற்குப் பின்னால். அவள் திரும்பிப் போன பிறகும் கொஞ்ச நாளைக்குத் தலையணையில் அது இருக்கும். பிறகு ஒருநாள் இருக்காது. அன்றைக்கு எனக்கு வேலையே ஓடாது.

என் வேலை என்ன பெரிய வேலை! ஆரணியில் ஒரு பட்டுக்கடையில், பிரித்துக் காட்டிய புடவைகளைப் பழையபடி மடித்து அடுக்குவது. முகூர்த்த நாள் என்றால் மலைபோல் குவிந்து கிடக்கும். பட்டு கசங்காமல் மடிக்கத் தெரிந்த இந்தக் கைக்கு, மகள் பியூலாவுக்கு ஒரு சடை பின்ன வராது. காலையில் பள்ளிக்கூடம் போகும்போது நேராக இருக்கும் சடை, சாயங்காலம் ஆரணிப் பழைய தெருக்கள் மாதிரி எங்கெங்கோ போய்க்கொண்டிருக்கும். "யார்டி உனுக்கு தல வாரினது, கோழியா?" என்று பிள்ளைகள் கேட்பார்களாம்.

தைலத்தில் ஆரம்பித்துச் சடைக்குப் போய்விட்டேன். சொல்ல வந்தது ஜெபத்தைப் பற்றி.

குவைத்தில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஆராதனையும் அன்றைக்குத்தான். ஒரே கட்டடத்தில் மலையாளக்காரர்கள் முடித்து வெளியே வர, தமிழ்க்காரர்கள் உள்ளே போக, தெலுங்குக்காரர்கள் வெயிலில் காத்திருப்பார்கள் என்று ஜெயமணி சொல்வாள். இரவு டூட்டி முடித்துத் தூங்காமலே போய் நிற்பாள். அதனால் எங்கள் வீட்டிலும் குடும்ப ஜெபத்தை வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டோம். போனை ஸ்பீக்கரில் போட்டு நாற்காலிமேல் வைத்து, நானும் பியூலாவும் அதன் முன்னே முழங்கால் போடுவோம். அங்கே நான்கு நர்ஸுகள் தங்கிய அறையில், இரண்டு கட்டிலுக்கு நடுவே அவள் முழங்கால் போடுவாள்.

எங்கள் சபையில் குடும்ப ஜெபம் என்றால் ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். ஆண்டவரிடம் சொல்வதுதான், ஆனால் பக்கத்தில் இருப்பவர் காதிலும் விழுமே. எங்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாம் இப்படித்தான் கடல் தாண்டின. "ஏசப்பா, அப்பா சைக்கிள் கடையாண்ட நின்னுகினு பீடி குடிக்கிறத மன்னியும்" என்பாள் பியூலா. உடனே குவைத்திலிருந்து, "ஆண்டவரே, உம்முடைய அடியானுக்கு அந்தப் பழக்கத்தை விடுகிற பெலனைத் தாரும்" என்று வரும். நான் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்து முறைப்பேன். அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பரிசுத்தமாக இருப்பாள்.

நான் மட்டும் என் மனதில் இருந்ததைச் சொன்னதில்லை. "சர்வ வல்லமையுள்ள எங்கள் பரம பிதாவே" என்று ஆரம்பித்து, போதகர், வியாதிப்பட்டவர்கள், வந்தவாசியில் இருக்கும் மாமா குடும்பம், கண்ணமங்கலத்து விதவைத் தாயார் என்று ஒருவரையும் விடமாட்டேன். "உங்க ஜெபம் வேலூருக்குப் போற டவுன் பஸ்ஸுங்க, கை காட்ற எடத்துலல்லாம் நிக்குது" என்று ஜெயமணி சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போகட்டும். நாளெல்லாம் நோயாளியைத் தூக்கி, துடைத்து, பாஷை தெரியாத கிழவிகளுக்குத் தலைவாரிவிட்டு வருகிறவளிடம் என் குறையையும் ஏற்றுவதா என்று இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் இப்படி ஜெபித்தாள்: "ஆண்டவரே, என்னை வார்டுக்கு இன்சார்ஜா போடறேன்றாங்க. இன்னும் ரெண்டு வருசம் இருக்கணுமாம். ஞாயித்துக்கிழம பதில் சொல்லணும். இருக்கறதா வர்றதா, உம்முடைய சித்தத்தை எனக்குத் தெரியப்படுத்தும்."

சித்தத்தை ஆண்டவரிடம் கேட்டாள். கேட்டது என்னையும்தான் என்று எனக்குப் புரியாமல் இல்லை. எத்தனை வருட உழைப்புக்குக் கிடைத்த மரியாதை அது. "வேண்டாம், வந்துவிடு" என்று நான் எந்த வாயால் சொல்வேன்? வழக்கம்போல் என் பஸ்ஸைக் கிளப்பினேன். மாமா குடும்பத்தைத் தாண்டும்போது போனில் சத்தமே இல்லை. அவள் எப்போதும் மெல்ல "ஆமாண்டவரே" என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

"ஜெயா?" என்றேன். பதில் இல்லை.

"கார்டு தீந்துட்சிப்பா" என்றாள் பியூலா. அவள் அங்கே காசு கொடுத்து வாங்கிப் பேசும் போன் கார்டு அப்படித்தான், பாதியில் தீர்ந்துபோகும். அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து உள்ளே ஓடிவிட்டாள். நான் தனியாக முழங்காலில் இருந்தேன். ஆரம்பித்த ஜெபத்தை ஆமென் போடாமல் விடக்கூடாதே. ஆனால் அடுத்த வரி வரவில்லை. பரம பிதா, கிருபை, இரக்கம் என்ற வேத பாஷையெல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஆண்டவரிடம் அன்றுதான் ஆரணிப் பேச்சில் பேசினேன்.

"ஏசப்பா, என்னால முடியல. புள்ள வளந்துகினே போவுது, நாளைக்கு வயசுக்கு வந்தா நான் இன்னா பண்ணுவேன்? அவகிட்ட சொன்னா பாவம், அவ வேலய உட்டுட்டு வந்துடுவா. அதான் உன்னாண்ட சொல்றேன். ரெண்டு வருசம்லாம் வேணாம்ப்பா. அவள அனுப்சிடு. பக்கத்துல குந்திகினு அவகூட ஒரு வாய் சோறு துன்னணும் எனுக்கு."

முகத்தை நாற்காலியில் வைத்துக்கொண்டேன்.

"ஆமென்" என்றது போன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறைத்தோழி ஒருத்தி டூட்டி முடித்து வந்து படுத்தாளாம். அவள் தூக்கம் கெடக்கூடாதென்று ஜெயமணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சத்தமில்லாமல் இருந்திருக்கிறாள். பிறகு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னிக்கி உங்க பஸ்ஸு கண்ணமங்கலத்துக்குப் போவவே இல்லியே" என்றாள்.

மழைக்காலம் முடிவதற்குள் வந்துவிட்டாள். இன்சார்ஜ் பதவி வேறு யாருக்கோ போனது. பக்கத்திலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்து, ஓய்வு பெறும் வயதுவரை ஊசி போட்டாள். பதவி போன வருத்தம் அவளுக்கு இல்லாமல் இல்லை. என் சமையல் நாளில் கண்ணை மூடி, "ஆண்டவரே, இன்சார்ஜ் வேலையை உட்டுட்டு வந்தவளுக்கு இந்த ரசத்தைக் குடிக்கிற பொறுமையைத் தாரும்" என்பாள்.

பியூலாவும் நர்ஸ்தான் இப்போது. அவள் போயிருப்பது குவைத்தைவிடத் தொலைவு, குளிர் தேசம். வாரம் தவறாமல் போனில் முகத்தோடு வருகிறாள். போன் கார்டு என்ற ஒன்றே இப்போது இல்லை. பேச்சு பாதியில் தீர்வதில்லை. கட்டத்துக்குள் அவள் முகம் எங்களைப் பார்க்கிறது, எங்கள் முகம் அவளைப் பார்க்கிறது. அழகாகக் கைகூப்பி, எங்கள் சர்க்கரைக்கும் முழங்கால் வலிக்கும் ஜெபித்து, தனக்கென்று ஒரு வார்த்தை கேட்காமல், சிரித்த முகமாக ஆமென் சொல்கிறாள். பிறகு கையாட்டுகிறாள்.

"நல்லா இருக்கறா" என்கிறாள் ஜெயமணி. இருப்பாள். ஆனாலும் ஒரே ஒருநாள் அந்தப் படம் அணைந்துபோய், நாங்கள் லைனில் இல்லை என்று நினைத்துக்கொண்டு, அவள் ஜெபத்தை முடிக்காமல் தனக்காகவும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இந்தப் பக்கம் இருட்டில் நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விடாமல் காத்திருப்போம்.