இரண்டு கொட்டகைக்கும் ஒரே தீனி

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த அசதி இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. "அக்காவைப் பற்றி நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க" என்று ஆளாளுக்குச் சொல்கிறீர்கள். நல்லதைத்தான் எழுதுகிறேன். ஆனால் அந்த நல்ல குணத்தால் நடந்த ஒரு கெட்டதையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது.

அக்கா பிறந்தது நைனார்பாளையத்தில். விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு நிலம் உழுத அப்பாவுக்கு நாங்கள் இரண்டு பிள்ளைகள். அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் எனக்குச் சோறு போட்டு வளர்த்தவர் அக்காதான். குழம்பில் ஒரே ஒரு கருவாட்டுத் துண்டு கிடந்தாலும் அதைப் பிய்த்து மூன்று தட்டிலும் வைப்பார். ஆம்பளைப் பிள்ளைக்குக் கொஞ்சம் கூட வைத்தால் என்ன என்று கேட்டு முதுகில் வாங்கியிருக்கிறேன்.

வெள்ளிமலையில் அரசு ஆட்டுக் கொட்டகையில் வேலை பார்த்த மாமாவுக்கு அப்பா அவரைக் கட்டிக்கொடுத்தார். அக்காவும் அங்கேயே தினக்கூலிக்குச் சேர்ந்தார். சால்வை நெய்யும் முடிக்காக வடக்கேயிருந்து கொண்டுவந்த வெள்ளாடுகள் அவை. மேல்முடிக்கு அடியில் பஞ்சு போல மெல்லிய முடி வளரும். பனிக்காலம் முடியும்போது அதைச் சீப்பால் வாரி எடுக்க வேண்டும். நம் மலையில் அவை தேறுமா, எதனால் தேறும் என்று ஒரு சோதனை நடந்தது. அதற்காகக் கள்ளக்குறிச்சியிலிருந்து கால்நடை டாக்டர் ஒருவர் பஸ் ஏறி வருவார்.

"எல்லாம் ஒரே கெடாவோட குட்டிங்கம்மா, ரத்தம் ஒண்ணுதான். பொறந்த மாசம், ஒத்தையா ரெட்டையா, தாயோட வயசு எல்லாத்தையும் பாத்துதான் ரெண்டு கொட்டகைக்கும் சரிசமமா பிரிச்சிருக்கேன். இனிமே வித்தியாசம் வந்தா அது தீனியாலதான் வரணும்" என்று அவர் அக்காவிடம் விளக்கினாராம். முதல் கொட்டகைக்கு மேய்ச்சலோடு கம்பும் கடலைப் பிண்ணாக்கும் உண்டு. இரண்டாவதற்கு மேய்ச்சல் மட்டும்.

அக்காவுக்கு இது ஆரம்பத்திலேயே பிடிக்கவில்லை. இந்தப் பக்கம் தின்பதை அந்தப் பக்கத்துக் குட்டிகள் நடுவிலிருந்த மூங்கில் தட்டி இடுக்கில் பார்த்துக்கொண்டு நிற்குமாம். இருந்தாலும் சொன்னபடியே செய்தார்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த ஆண்டு அது. கீழே சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். தியாகதுருகம் பக்கம் வண்டி நகரவில்லை, மலைக்கும் பஸ் ஏறவில்லை. டாக்டரால் வர முடியவில்லை. அந்த நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொண்டது. ஆடுகளை வெளியே விட வழியில்லாமல் போனதால் முதல் கொட்டகை தின்றது, இரண்டாவது கொட்டகை பசியில் கத்தியது. அக்கா தீனியைப் பாதியாகப் பிரித்து இரண்டு பக்கமும் போட்டுவிட்டார்.

மாமா பதறினார். "இன்னாமே பண்ற? கீழ பங்கு கேட்டு ரோட்ட மறிச்சிக்கினு இருக்காங்க, நீ இங்க பங்கு போட்டுக்கினு இருக்க. டாக்டருக்குத் தெரிஞ்சா வேல பூடும்."

"பூடட்டும். பச்சக் குட்டிங்க கத்திக்கினு கெடக்குதுங்க. என்னால காது குடுத்துக் கேக்க முடியல."

மழை விட்டது, மரங்களை அகற்றினார்கள், டாக்டரும் வந்தார். அக்கா அவரிடம் சொல்லவில்லை. பிரித்துப் போடுவதையும் நிறுத்தவில்லை. ஒரு முறை தின்று ருசி கண்ட குட்டிகள், அக்கா வரும் சத்தம் கேட்டாலே தட்டியருகே ஓடிவந்தன. வெறுங்கையோடு போக அவருக்கு மனசு வரவில்லை.

பனி முடிந்து எடை போட்டார்கள், முடி வாரினார்கள். இரண்டு கொட்டகையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. டாக்டருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தீனி போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான், மேய்ச்சலே போதும், தீனிச் செலவு மிச்சம் என்று மேலதிகாரிகளுக்கு எழுதி அனுப்பிவிட்டார். கொஞ்ச நாளில் இரண்டு கொட்டகைக்கும் தீனி நின்றுபோனது.

அடுத்த பனியில் ஆடுகள் எலும்பும் தோலுமாயின. இரட்டைக் குட்டி போட்டவற்றின் மடியில் பால் இல்லை. சீப்பில் முடி வரவில்லை. குட்டிகள் சாகத் தொடங்கியதும் அக்கா கள்ளக்குறிச்சிக்கு இறங்கிப் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதார். அவர் கத்தவில்லை. "மேல ஒத்துக்கிட்டாங்கம்மா. இப்போ தப்புன்னு எழுதினா உங்க வேலையும் போகும், என் வேலையும் போகும். இந்த ரகத்துக்கு மலை ஒத்துக்கலைன்னு முடிச்சிடுவோம்" என்றார். அக்கா எழுந்து வந்துவிட்டார். மிஞ்சிய ஆடுகளை லாரியில் ஏற்றிக் கறிக்கு அனுப்பினார்கள்.

எனக்கு அந்த டாக்டர் மேல் இன்றும் ஆத்திரம் தீரவில்லை. அக்காவுக்கு அவர் மேல் கோபமே கிடையாது. மாமா காலமான பிறகு கூலி வேலை செய்தே பிள்ளைகளைக் கரையேற்றினார். ஆட்டுக் கொட்டகைப் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுவார்.

கடைசியில் மூச்சுத் திணறல் அவரைப் படுக்கையில் தள்ளியது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவரே பேச்சை எடுத்தார்.

"தம்பி, அந்த மாதிரி மழ மறுபடியும் பேஞ்சா நான் இன்னா பண்ணுவேன்னு நெனக்கிற?"

"தீனியப் பிரிச்சிப் போடுவக்கா."

"போடுவேன். ஆனா டாக்டரு பஸ்ஸ வுட்டு எறங்குன ஒடனே சொல்லிடுவேன். போட்டது தப்பில்லடா. வாய மூடிக்கினு இருந்தேன் பாரு, அதான் அத்தினி ஆட்டையும் சாவடிச்சிது. நான் போய்ட்ட பின்னால நல்லவ நல்லவன்னு பேசுவாங்க. அப்போ நீ இத்தயும் சொல்லிடணும்."

சரியென்றேன், மீதிக் கஞ்சிக்கு வாயைத் திறந்தார்.

மழையென்றும் பாராமல் அக்காவை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்த ஜீப் டிரைவருக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், துக்க வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் எங்களுக்குச் சோறு ஆக்கிக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், தூரம் பாராமல் வந்து நின்ற உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சொல்லிவிட்டேன், அக்கா.