வலப்பக்க இருக்கையின் எடை

நார்பர்ட் குலா எந்தக் காரின் எஞ்சினையும் தொட மாட்டார். "ஓட வைக்கிறது வேற ஆளோட வேலை. ரோட்டுல நிக்க வைக்கிறதுதான் நம்ம வேலை" என்பார். டெட்ராய்ட்டுக்குத் தெற்கே வயண்டாட் என்ற ஊரில், வீட்டுக்குப் பின்னால் இரண்டு வண்டி கொள்ளும் ஒரு ஷெட். கார் ஆலையில் ஆட்குறைப்பு செய்து வீட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்து அதுதான் பிழைப்பு. அறுபதுகளில் வந்த பெரிய எஞ்சின் கார்கள் நேர் ரோட்டில் அம்பாய்ப் பாயும், வளைவு வந்தால் தோணி மாதிரி சாயும். அவற்றின் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ஸ்டியரிங் எல்லாவற்றையும் மாற்றி ரோட்டோடு படிந்து போக வைப்பதில் அந்த வட்டாரத்தில் அவருக்கு இணையான ஆள் கிடையாது.

2014 மார்ச்சில், பனி உருகிச் சேறாகிக் கிடந்த ஒரு காலையில், லோரெட்டா பார்டோஷ் ஒரு பச்சை நிறப் பான்டியாக் காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தாள். 1969ஆம் வருஷத்து வண்டி. முப்பத்து மூன்று வருஷம் அப்பாவின் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததாம். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது, பள்ளிப் பேருந்து ஓட்டுநர்.

"மிஸ்டர் குலா, பெயின்ட் வேணாம், பளபளப்பு வேணாம். வளைவுல சறுக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"பந்தயத்துக்கா?"

"நானா? முப்பது பிள்ளைங்களைப் பின்னால வெச்சுக்கிட்டு இருபத்தஞ்சு மைல் வேகத்துல போறவ நான். அவனுங்க கத்துற கத்துக்கு அதுவே பந்தயம்தான்."

டிரெய்லரிலிருந்து இறங்கியபோதே வண்டி வலப்பக்கம் லேசாகத் தாழ்ந்திருந்தது. பழைய ஸ்பிரிங், தளர்ந்திருக்கும் என்று நார்பர்ட் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐந்து வாரம் வேலை நடந்தது. சக்கரங்களைத் தாங்கும் துருப்பிடித்த இரும்புக் கைகளைக் கழற்றிப் புதிய குழாய்க் கைகளைப் போட்டார். வளைவில் சாயாமல் பிடிக்கும் தடித்த கம்பிகளை முன்னும் பின்னும் மாட்டினார். வளையத்தைத் திருகி உயரம் கூட்டிக் குறைக்கும் புது ஸ்பிரிங்குகள் நான்கு சக்கரத்துக்கும் வந்தன. எல்லாம் முடிந்தும் வண்டி வலப்பக்கம் தாழ்ந்தே நின்றது.

சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எடைத் தட்டுகளின் மேல் வண்டியை ஏற்றினார். தரைத் தகட்டைப் பார்ப்பதற்காக வலப்பக்க முன் இருக்கையைக் கழற்றி வைத்திருந்த நேரம் அது. மொத்தம் மூவாயிரத்து நானூற்றிரண்டு பவுண்டு, இடம் வலம் சரிசமம். நிம்மதியாக இருக்கையைத் திரும்ப மாட்டினார். தட்டுகள் நூற்றெண்பத்தாறு பவுண்டு கூடுதலாகக் காட்டின. இருக்கையைக் கழற்றித் தனியாக நிறுத்தார். நாற்பது பவுண்டு. மறுபடி மாட்டினார். மறுபடி நூற்றெண்பத்தாறு.

பந்தய வண்டி வைத்திருக்கும் நண்பன் டுவெய்னிடம் வேறு தட்டுகள் கேட்டார்.

"உன் தொப்பையைத் தட்டு மேல வெச்சுக்கிட்டு நிறுத்தா அப்படித்தான்யா காட்டும்" என்றான் டுவெய்ன். ஆனால் தன் தட்டுகளைத் தானே கொண்டுவந்து வைத்துப் பார்த்தான். அதே எண். சன்னலுக்குள் தலையை நீட்டி அந்த இருக்கையைப் பார்த்தவன், பாதி குடித்த காபியை அப்படியே வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று கிளம்பிப் போனான்.

நார்பர்ட் ஓட்டுநர் எடைக்கு வைக்கும் மணல் மூட்டை ஒன்றைத் தூக்கி வலப்பக்க இருக்கையில் வைக்கப் போனார். மெத்தை ஏற்கெனவே நடுவில் அமுங்கியிருந்தது. ஷெட்டில் மூச்சு புகையாய்த் தெரியும் குளிர். அந்த அமுங்கலின் மேல் மட்டும் இளஞ்சூடு இருந்தது. மூட்டையோடு பின்வாங்கினார். "மன்னிச்சுக்கம்மா" என்று தன் வாய் சொன்னதை அவரே கேட்டார்.

மறுநாள் லோரெட்டாவை வரச் சொன்னார்.

"உங்ககூட வழக்கமா யாரு உக்காருவாங்க?"

"யாருமில்ல. ஏன்?"

"நூத்தி நாப்பத்தாறு பவுண்டு இருக்கற யாராவது?"

அவள் போய் வலப்பக்கக் கதவைத் திறந்து இருக்கையைப் பார்த்தாள். பிறகு தங்கையைப் பற்றிச் சொன்னாள். கொரீன் அவளோடு பிறந்த இரட்டை, ஏழு நிமிஷம் இளையவள். இருவருக்கும் பத்தொன்பது வயதாக இருந்தபோது, ஹைன்ஸ் சாலையில் ஆற்றை ஒட்டிய வளைவில் லோரெட்டா ஓட்டிய இந்த வண்டி சறுக்கி மரத்தில் மோதியது. லோரெட்டாவுக்கு ஒரு கீறல். கொரீன் அங்கேயே போய்விட்டாள். நசுங்கிய பக்கத்தை அப்பா தட்டி நிமிர்த்தி வைத்தார், பிறகு வண்டியை யாரையும் தொடவிடவில்லை.

"ஆனா அது அவளா இருக்க முடியாது" என்றாள் லோரெட்டா. "அவ நூத்திப் பன்னெண்டைத் தாண்டினதே இல்ல. அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கிண்டல் பண்ணுவா."

சொல்லிவிட்டு அவள் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "நான் இப்ப நூத்தி நாப்பத்தெட்டு."

குனிந்து மெத்தையின் அமுங்கலைத் தொட்டாள்.

"அவளுக்கும் வயசாயிருக்கு" என்றாள் மெதுவாக. பிறகு அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. "அடிப்பாவி, நீயும் பெருத்துட்டியா!"

இருக்கையை எடுத்துவிட்டால் வண்டி நேராகிவிடும் என்பது நார்பர்ட்டுக்குத் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை. இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் கணக்கில் நான்கு ஸ்பிரிங்குகளையும் திருகி வைத்தார். வண்டி தட்டையாக நின்றது.

ஒரு ஞாயிறு மதியம், பூசை முடிந்து, ஹைன்ஸ் சாலைக்குப் போனார்கள். நார்பர்ட் தயங்கித் தயங்கிப் பின் இருக்கையில் ஏறினார். லோரெட்டா குனிந்து காலி இருக்கையின் குறுக்கே பெல்ட்டை மாட்டினாள். பெல்ட் தொய்ந்து விழவில்லை. எதையோ சுற்றிப் பிடித்தது போல அந்தரத்தில் விறைத்து நின்றது. வளைவு வந்தது. வேகத்தைக் குறைக்காமல் திருப்பினாள். நான்கு சக்கரமும் ரோட்டைக் கவ்வ, சாய்வோ கீச்சொலியோ இல்லாமல் வண்டி வளைந்து போயிற்று. முன்னாலிருந்து நிம்மதியாய் ஒரு மூச்சு விடும் சத்தம் கேட்டது. லோரெட்டா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததைக் கண்ணாடியில் பார்த்தார் நார்பர்ட். மூச்சு அவளுடையதல்ல.

அந்த வாரமே, யாருக்கும் சொல்லாமல், தன் பழைய ஃபோர்டையும் தட்டுகள் மேல் ஏற்றிப் பார்த்தார். மனைவி ஹலினா இறக்கும்வரை இரண்டு வருஷம் அவளைச் சிகிச்சைக்கு அழைத்துப் போன வண்டி. கம்பெனிக் கையேட்டில் போட்டிருந்த எடைதான் இருந்தது, ஒரு பவுண்டு கூடவில்லை. லோரெட்டாவின் மேல் அவருக்குப் பொறாமையாக இருந்தது.

ஒவ்வொரு வசந்தத்திலும் லோரெட்டா வந்தாள். மறு வருஷம் நூற்று நாற்பத்தொன்பது. அதற்கடுத்த வருஷம் நூற்றைம்பத்தொன்று. "கிறிஸ்துமஸுக்கு நான்தான் அளவில்லாம தின்னேன். இவளுக்கு ஏன் ஏறுது?" என்பாள். அந்த வருஷத்திலிருந்து அவரை நார்பர்ட் என்றும், நீ என்றும் கூப்பிட ஆரம்பித்தாள்.

2017இல் எடை நூற்று முப்பத்து மூன்று.

நார்பர்ட் தட்டுகளைத் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தார். நூற்று முப்பத்து மூன்றுதான். குளியலறைத் தராசில் ஞாயிறுதோறும் ஹலினாவின் எடையைப் பார்த்தவர் அவர். பட்டினி கிடந்து இளைப்பதற்கும் உள்ளே ஒன்று தின்று இளைப்பதற்கும் வித்தியாசம் தெரியும்.

"உன் உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"குதிரை மாதிரி இருக்கேன். ஏன்?"

எண்ணைச் சொன்னார். "நீங்க ரெட்டைப் பிள்ளைங்க. போய் ஒரு தடவை பரிசோதனை பண்ணிக்க, லோரெட்டா."

"டாக்டர்கிட்ட என்னன்னு சொல்றது? செத்துப்போன தங்கச்சி இளைச்சுட்டான்னு கார் சொல்லுது, என்னைக் கொஞ்சம் பாருங்கன்னா?"

"முதுகு வலின்னு சொல்லு."

அவள் கேலி பண்ணிக்கொண்டேதான் போனாள். இடது சிறுநீரகத்தில் ஒரு கட்டி, கொட்டைப்பாக்கு அளவு. இன்னும் ஒரு வருஷம் போயிருந்தால் கஷ்டம் என்றாராம் டாக்டர். ஜூனில் எடுத்துவிட்டார்கள். ஆகஸ்டில் நல்லபடியாகத் தேறி, கையில் ஒரு பெட்டி செர்ரிப் பழத்தோடு ஷெட்டுக்கு வந்தாள். வண்டியைத் தட்டில் ஏற்றினார்கள். தொண்ணூற்றேழு.

லோரெட்டா பெட்டியைக் கீழே வைத்தாள். "எனக்கு வெட்டி எடுத்தாச்சு. அவளை நான் எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவேன், நார்பர்ட்?"

 அன்றிலிருந்து வண்டி ஷெட்டில் தட்டுகளின் மேலேயே நின்றது. பள்ளியில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, தினமும் காலை பத்து மணிக்கு லோரெட்டா வருவாள். ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்து, அம்மா போனது, யார் யாருக்குக் கல்யாணமானது, எந்தெந்தக் கடை மூடியது என்று பக்கத்து இருக்கையிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். நார்பர்ட் கோழி சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக் கதவருகே வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். எடை குறையக் குறைய, வாரம் ஒரு முறை வலப்பக்க ஸ்பிரிங்கை அரைச்சுற்று தளர்த்தினார். ஷாக் அப்சார்பரையும் ஆக மென்மையான நிலைக்கு இறக்கினார். அசையாமல் நிற்கும் வண்டிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனாலும் எலும்பு மெத்தையில் உறுத்தும் என்று ஹலினா சொன்னதை அவர் கேட்டிருந்தார்.

அக்டோபர் கடைசியில் ஐம்பத்தெட்டு. இருக்கையின் அமுங்கல் ஒரு குழந்தை உட்கார்ந்த அளவுக்கு வந்துவிட்டது. கொரீன் ஏதோ பேச முயல்வதாகவும், சொல் புரியவில்லை என்றும் லோரெட்டா சொன்னாள்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, பத்தே முக்கால் மணி. வெளியே குழாயை மூடிக்கொண்டிருந்த நார்பர்ட்டின் காதில் நான்கு ஸ்பிரிங்குகளும் ஒரே நேரத்தில் முனகிய சத்தம் விழுந்தது. உள்ளே ஓடினார். வண்டியின் வலப்பக்கம் இரண்டு விரல்கடை உயர்ந்து நின்றது. லோரெட்டாவின் கை காலி இருக்கையின் மேல் இருந்தது.

"எவ்வளவு காட்டுது?" என்றாள், திரும்பாமல்.

பார்த்தார். "உன்னைக் கழிச்சா, சீட்டு மட்டும்தான்."

"நான் வண்டியைச் சறுக்க விட்டதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல அவ. அம்மாவை எந்தச் சட்டை போட்டு அடக்கம் பண்ணினோம்னு கேட்டா. அதைச் சொல்லி முடிச்சதும் போயிட்டா."

இறங்க அவளுக்குக் கை கொடுத்தார். அன்று மதியமே பாதிரியாரிடம் போய், கொரீன் பார்டோஷ், வயது ஐம்பத்தைந்து என்று சொல்லி ஒரு பூசைக்கு எழுதிக் கொடுத்தாள். பத்தொன்பதில் இறந்தவளாயிற்றே, வயது தவறாயிருக்கிறதே என்று அவர் கேட்டதற்கு, சரியாகத்தான் இருக்கிறது என்றாள். பூசைக்கு இரண்டு பேர்தான் போனார்கள்.